நாமும் நாங்களும்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் உளப்படுத்திச் சொன்னால் 'நாம்'. அவரை ஒதுக்கிச் சொன்னால் 'நாங்கள்'. 'நாம் உண்போம், வாருங்கள்' என்றால் கேட்பவருக்கும் ஸஹனில் இடமுண்டு. 'நாங்கள் உண்ணப் போகிறோம்' என்றால் அவர் தம் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். அறபு மொழியோ ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமைக்கென்றே தனி வடிவம் வகுத்துக்கொண்ட வளமான மொழி. ஆயினும் அதன் தன்மைப் பன்மையில் 'நஹ்னு' என்னும் ஒரே சொல்தான். அழைப்பதும் விலக்குவதும் அச்சொல்லில் தெரியா. ஆங்கிலமும் இவ்வகையில் அறபைப் போன்றதே.

இவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வருகிறோம். அவர்களும் எழுதிக்கொள்வர்; தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவர்; அத்துடன் அது முடிந்துவிடும். இந்த இலக்கணத்துக்கு உயிருள்ள உதாரணம் ஒன்று கனடா நாட்டின் பனிக்கட்டித் தளத்திலிருந்து எமக்குக் கிடைத்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எம் மூத்த சகோதரியின் மகன் தொழில் நிமித்தம் டொராண்டோ மாநகரில் குடியேறியவர். அவருடைய புதல்வன் அங்கேயே பிறந்தவன், வயது பதின்மூன்று. எம் ஊர் வழக்கில் தந்தையை 'வாப்பா' என்றும், பாட்டனார் முறையுள்ளவரை 'அப்பா' என்றும் அழைப்பர். அம்முறைப்படி நாம் அவனுக்கு 'அப்பா'. வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பான். ஸலாம் உரைப்பான், உடல்நலம் கேட்பான். மூன்றாவது வாக்கியத்திலேயே ஐஸ் ஹாக்கி வந்துவிடும். யார் வென்றார், யாருக்குக் காயம், எவரை எந்த அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அரைமணி நேரம் சொல்வான். தமிழில் தொடங்கி, வேகம் ஏறியதும் ஆங்கிலத்துக்குப் போய், உம்மா அதட்டினால் மீண்டும் தமிழுக்குத் திரும்புவான்.

நம் நாட்டு ஹாக்கியை அறிந்தவர்களுக்கும் இவ்விளையாட்டு புதுமையாகவே தோன்றும். உறைந்த நீர்த்தளத்தின் மீது, கூரிய இரும்பு பொருத்திய காலணியுடன் சறுக்கியபடியே ஆடுவது. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலப் பருமனும் உள்ள கெட்டியான ரப்பர் வட்டு. இலக்குக் காவலர் உட்பட அணிக்கு அறுவர். இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். வேகம் மிகுதியாதலால் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே ஆட்டக்காரர் களைத்துப் பலகைக்குத் திரும்ப, அடுத்தவர் ஆட்டம் நிற்காமலே உள்ளே குதிப்பார். உடலோடு உடல் மோதுவது விதிக்கு உட்பட்டது. தலையைத் தாக்குவது குற்றம். தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் தேசிய ஹாக்கி சங்கம் 1917இல் மாண்ட்ரியால் நகரில் பிறந்தது. 2021இல் சியாட்டில் நகரம் சேர்ந்தபோது அதன் அணிகள் 32 ஆயின. அவற்றுள் கனடாவில் இருப்பவை ஏழு. ஆண்டின் முடிவில் வாகை சூடும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை. 1892இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு வழங்கிய அக்கோப்பையில், வென்ற அணியினர் ஒவ்வொருவரின் பெயரையும் பொறித்து வைப்பர்.

ஆட்டம் அறுபது நிமிடம். அதைப் பற்றிய பேச்சோ ஆண்டு முழுவதும். நீண்ட குளிர்காலத்தில் வீட்டினுள் அடைபட்டிருக்கும் மக்களுக்கு அப்பேச்சு ஓர் அடுப்பு போன்றது. 1923இல் ஃபாஸ்டர் ஹியூவிட் என்பவர் டொராண்டோவிலிருந்து வானொலியில் ஆட்டத்தை வர்ணிக்கத் தொடங்கினார். பின்னர் அவர் குரலைக் கேட்பதற்காகவே சனிக்கிழமை இரவுகளில் நாடெங்கும் குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்தன. 1947இல் ஹாக்கிச் செய்திகளுக்கென்றே ஒரு வாரப் பத்திரிகை தோன்றியது. 1952இல் தொலைக்காட்சி வந்தது. 2008 முதல் பஞ்சாபி மொழியிலும் வர்ணனை ஒலிக்கலாயிற்று. தலைப்பாகை அணிந்த சீக்கியப் பெரியவர் ஒருவர் தம் பேரனோடு அமர்ந்து, தம் தாய்மொழியில் அந்நாட்டு விளையாட்டைப் பேசும் நிலை பிறந்தது. குடியேறியவன் ஒரு நாட்டின் பேச்சில் கலந்துகொள்வது, அந்நாட்டின் குடியுரிமைச் சீட்டைப் பெறுவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இப்பேச்சில் பெரும்பகுதி ஆட்டக்காரரை அணிக்கு அணி மாற்றிக்கொள்வதைப் பற்றியது. குளிர்காலம் முடியுந்தறுவாயில் அம்மாற்றங்களுக்கு ஓர் இறுதிநாள் உண்டு. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வதந்திகள் எழும். ஒருநாள் எம் பேரன் பரபரப்புடன் ஒரு செய்தி சொன்னான். "யார் சொன்னது?" என்றோம். ஒரு பெயரைச் சொன்னான். "அவருக்கு யார் சொன்னது?" "அணியின் அலுவலகத்தில் ஒருத்தர்." "அந்த ஒருவருக்குப் பெயர் இல்லையா?" சற்று யோசித்துவிட்டுச் சிரித்தான். நம் ஹதீஸ் கலை வல்லார் பெயர் தெரியாத அறிவிப்பாளரை என்ன செய்தார்கள் என்பதை அன்று அவனுக்கு எடுத்துரைத்தோம். அதன்பின் எந்த வதந்தி வந்தாலும், "அப்பா, இது ளயீஃப்தான், ஆனாலும் கேளுங்கள்" என்று முன்னுரை கூறியே தொடங்குகிறான். பலவீனமான அறிவிப்பு என்று அவனே தரம் பிரித்துவிடுவதால் நாமும் மகிழ்ந்து கேட்கிறோம்.

இனி 'நாம்' என்னும் சொல்லுக்கு வருவோம். ரசிகர்கள் தம் அணியைப் பற்றிப் பேசும்போது 'அவர்கள் வென்றார்கள்' என்று சொல்வதில்லை. 'நாம் வென்றோம்' என்பர். பனித்தளத்தில் கால் வைத்தறியாத கிழவரும் அவ்வாறே சொல்வார். 1988 ஆகஸ்ட் 9ஆம் நாள் எட்மண்டன் அணி, நான்கு முறை தனக்குக் கோப்பை வாங்கித் தந்த வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்குக் கொடுத்தது. அந்நாளில் அவர் செய்தியாளர் முன் கண்ணீர் விட்டார். அரசே தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் குரல் எழுப்பினார். அடுத்த ஆண்டு எட்மண்டன் நகரம் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவிற்று. அவர் எதிரணிச் சட்டையை அணிந்த பின்னும் அந்நகர மக்கள் தம் 'நாம்' என்பதிலிருந்து அவரை நீக்கவில்லை.

டொராண்டோவின் அணி மேப்பிள் லீஃப்ஸ். அது கடைசியாகக் கோப்பையை வென்றது 1967இல். 2004க்குப் பின் இறுதிச் சுற்றுத் தொடர் ஒன்றில் வெல்வதற்கே 2023 வரை காத்திருந்தது. ஆயினும் அரங்கில் இருக்கைகள் காலியாவதில்லை. 2025 மே 18ஆம் நாள் இரவு, ஃபுளோரிடா அணியுடன் ஏழாவது ஆட்டம். இங்கே அது திங்கட்கிழமைக் காலை. நாம் பசியாறிக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. ஸலாமுக்குப் பின் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்பா, நாம தோத்துட்டோம். ஆறுக்கு ஒண்ணு" என்றான்.

'நாங்க' என்று அவன் சொல்லவில்லை, 'நாம' என்றான். எட்டாயிரம் மைல்களுக்கு அப்பால், பனிக்கட்டியைச் சர்பத்துக் கண்ணாடியில் மட்டுமே கண்ட எம்மையும் அத்தோல்வியில் ஒரு பங்காளி ஆக்கிவிட்டான். இலக்கண ஆசிரியர் ஒருவருக்கு அதனினும் பெரிய மரியாதை உண்டோ? அன்று இட்டலி சற்றுக் கசந்தது என்றே கூற வேண்டும்.

ஆனால் அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவன் வேறொரு செய்தி சொன்னான். பள்ளியில் உடன் பயிலும் சிறுவன் ஒருவன், "உங்கள் ஆட்கள் ஹாக்கி ஆடுவதுண்டா?" என்று கேட்டிருக்கிறான். இவன் உடனே நாசிம் காத்ரியின் பெயரைச் சொன்னான். அதற்கு அச்சிறுவன், "அவர் நம்மவர் இல்லையே" என்றானாம். மணி அடித்துவிட்டது, பேச்சு அத்துடன் நின்றது. "அப்பா, அவன் எந்த 'நம்ம'வைச் சொன்னான்?" என்று எம்மிடம் கேட்டான்.

கேள்வியின் கூர்மையை அறிய, காத்ரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாசிம் காத்ரி 1990இல் ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில் பிறந்தவர். அவர் பாட்டனார் லெபனான் நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். பேரனுக்கு வாய்த்தது அப்பாட்டனாரின் பெயரே. நம் ஒலிப்பில் கூறின் 'நாழிம் காதிரி'. முத்துகளைக் கோப்பது 'நழ்மு', சொற்களை யாப்பில் கோப்பதும் 'நழ்மு', கோப்பவர் 'நாழிம்'. காதிர் என்று பெயர் தாங்கியவர் இல்லாத தெரு நம் ஊர்களில் ஏது? 2009இல் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தபோது டொராண்டோ அணி அவரை ஏழாவது இடத்தில் எடுத்தது. பத்தாண்டு அவ்வணியைச் சேர்ந்தவராய் இருந்தார். எம் பேரன் சிறுவனாயிருந்தபோது அவன் வாப்பா வாங்கித் தந்த முதல் நீலச் சட்டையில் காத்ரியின் 43ஆம் எண் இருந்தது. இன்று அது அவனுக்குச் சேராது. ஆயினும் எவருக்கும் கொடுக்க மறுக்கிறான். 2019 ஜூலை முதல் நாள் டொராண்டோ அணி காத்ரியைக் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டது.

ஆக, 'அவர் நம்மவர் இல்லையே' என்பதற்கு இரு பொருள் உண்டு. 'அவர் இப்போது நம் அணியில் இல்லை' என்பது ஒன்று. அது வெறும் செய்தி. 'அவர் நம் இனத்தவர் இல்லை' என்பது மற்றொன்று, அது கதவடைப்பு. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே முகத்துடன் சொல்லும். பதின்மூன்று வயதுச் சிறுவன் அவ்விரண்டுக்கும் இடையே நின்றுகொண்டு, எதனைக் கேட்டோம் என்று தெரியாமல் ஓர் இரவு உறங்காதிருந்தான்.

காத்ரி குறையற்றவர் என்று நாம் வாதிட வரவில்லை. 2018இலும் 2019இலும் இறுதிச் சுற்றுகளில் பாஸ்டன் அணியினரை முறைகேடாகத் தாக்கியதற்காக ஆட்டத்தடை பெற்றார். 2021இல் செயின்ட் லூயிஸ் அணி வீரரின் தலையில் மோதியதற்கு எட்டு ஆட்டங்கள் தடை. முக்கியமான நேரத்தில் தன்னை அடக்கத் தெரியாதவர் என்று ரசிகர்கள் பேசினர். அது அவர் செயலைப் பற்றிய விமரிசனம், நியாயமானதுங்கூட. நம் முன்னோர் ஹதீஸ் அறிவிப்பாளர்களைக் குறைகண்டும் நிறைகண்டும் எடைபோட 'ஜர்ஹு தஃதீல்' என்னும் கலையையே வளர்த்தனர். அதில் ஒருவரின் நேர்மையை ஆராய்ந்தனர், நினைவாற்றலை ஆராய்ந்தனர், இரக்கமின்றியே எழுதினர். ஆனால் குலத்தையும் நிறத்தையும் அத்தராசில் வைக்கவில்லை. இப்னு உமர் (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற அடிமையான நாஃபிஉ (ரஹ்) அவர்கள் வழியாக இமாம் மாலிக் (ரஹ்) அறிவித்த தொடரையே தலைசிறந்த தொடர் என்று இமாம் புகாரி (ரஹ்) மதித்தார்கள். செயலைக் கண்டிப்பது ஒரு கலை. பிறப்பைக் கண்டிப்பது கலையன்று.

2022 மே 21ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஆட்டத்தில் காத்ரி அவ்வணியின் இலக்குக் காவலர் மீது மோத நேர்ந்தது. காவலர் காயமுற்று அத்தொடரிலிருந்தே விலகினார். வேண்டுமென்று செய்ததா, தற்செயலா என்று ரசிகர்கள் வாதிட்டனர். சங்கம் அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. முந்திய ஆண்டு தம் வீரர் பட்ட அடியை மறவாத அந்நகர ரசிகர்கள் சினந்ததை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் சிலர் சினத்தோடு நிற்கவில்லை. அவர் இனத்தையும் மார்க்கத்தையும் இழித்தும், உயிருக்கு அச்சுறுத்தியும் செய்திகள் அனுப்பினர். காவல் துறையின் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஒரே ஆண்டுக்கு முன்னர்தான், 2021 ஜூன் 6ஆம் நாள் மாலை, அவர் பிறந்த லண்டன் நகரில் உலவச் சென்ற ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மீது, அவர்கள் முஸ்லிம்கள் என்பதற்காகவே ஒருவன் வண்டியை ஏற்றினான். மூன்று தலைமுறையைச் சேர்ந்த நால்வர் மாண்டனர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனே எஞ்சினான். இத்தகைய அச்சுறுத்தல்களை வெறும் வாய்ச்சொல் என்று தள்ள அந்நகரத்தவர் எவராலும் இயலாது.

இரண்டு நாள் கழித்து அதே செயின்ட் லூயிஸ் அரங்கில் காத்ரி மீண்டும் இறங்கினார். வட்டு அவர் கோலுக்கு வந்தபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. அன்று அவர் மூன்று கோல்கள் அடித்தார். கொலராடோ 6-3 என்று வென்றது. அடுத்த தொடரில் எதிரணியினர் ஒருவர் பின்னிருந்து தள்ளியதால் கட்டைவிரல் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூன் 22ஆம் நாள், தம்பா நகரில் இறுதிப் போட்டியின் நான்காம் ஆட்டத்தில் திரும்பி வந்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே.

அக்கோல் குறித்து எழுந்த வாதம் ரசிகர் பேச்சின் முழு இனிமையையும் காட்டும். ஆட்டக்காரர் மாறும் தருணத்தில் கொலராடோ தளத்தில் ஒருவரை மிகுதியாக வைத்திருந்தது என்றனர் தம்பா அணியினர். மாறுபவர் பலகைக்கு ஐந்தடிக்குள் வந்திருக்க வேண்டும் என்பது விதி. முதலில் வெளியான ஆட்டக் குறிப்பில் ஆறு பெயர்கள் இருந்தன. பின்னர் அது திருத்தப்பட்டது. அது நடுவரின் தீர்ப்புக்கு உட்பட்டது என்றது சங்கம். கொலராடோ கோப்பையை வென்று டென்வர் நகரில் ஊர்வலம் வந்தபோது, காத்ரி 'ஆட்கள் அதிகம்' என்று எழுதிய சட்டையை அணிந்து வந்தார்! வென்ற இரவில் தம்மைச் சுமை என்று பழித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் எம் வகுப்பறையில் சொல்லத் தக்கதன்று. இந்தச் சட்டையின் நகைச்சுவையை மட்டும் நாம் மெச்சுகிறோம்.

வென்ற அணியில் ஒவ்வொருவரும் கோப்பையை ஒருநாள் தம் விருப்பப்படி வைத்துக்கொள்வது 1995 முதல் உள்ள வழக்கம். சிலர் தம் கிராமத்துக்கு எடுத்துச் செல்வர். சிலர் ஏரியில் படகில் ஏற்றுவர். காத்ரி தம் நாளில், 2022 ஆகஸ்ட் 27 அன்று, அதனை லண்டன் முஸ்லிம் பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்தார். முந்திய ஆண்டு அக்குடும்பத்துக்காகப் பிரதமர் முதல் பொதுமக்கள் வரை திரண்டு நின்று துயர் பகிர்ந்தது அப்பள்ளிவாசலின் முன்புறத்தில்தான். அழுகைக்காகக் கூடிய இடத்தில் இப்போது பிள்ளைகள் கோப்பையைத் தொட்டுப் பார்க்கக் கூடினர். ஸ்டான்லி கோப்பையை ஏந்திய முதல் முஸ்லிம் என்று பத்திரிகைகள் எழுதின. அதே மாதம் அவர் கால்கரி அணியுடன் ஏழாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். கொலராடோ ரசிகரின் 'நாம்' அவரை வழியனுப்ப, கால்கரி ரசிகரின் 'நாம்' வரவேற்றது. ஆனால் கோப்பையில் பொறித்த பெயர் அணி மாறுவதில்லை.

எம் பேரனுக்கு இவற்றை எல்லாம் நாம் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெரும்பாலும் அவன் எமக்குச் சொன்னவையே. நாம் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: "உன் கேள்விக்குத் தமிழில் இரண்டு சொல் இருக்கிறது, அவனுடைய மொழியில் ஒன்றுதான். ஆகையால் அவன் மனத்தில் இருந்தது 'நாமா', 'நாங்களா' என்று நீயாக முடிவு கட்டாதே. அவனிடமே போய்க் கேள். செய்தியை அதன் மூலத்தில் விசாரிப்பது உனக்குப் புதிதா என்ன?"

இரண்டு வாரம் கழித்து அழைத்தான். கேட்டுவிட்டானாம். அணி மாறியதைத்தான் சொன்னேன் என்று அச்சிறுவன் விடையளித்தானாம். "நீ நம்புகிறாயா?" என்றோம். "நம்புறேன், அப்பா" என்றான். சற்று நின்று, "பெரும்பாலும்" என்று சேர்த்தான். அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. எனினும் இருவரும் இப்போது மாலைகளில் தெருவில் ஒன்றாகக் கோல் பிடித்து ஆடுகிறார்கள் என்று அவன் உம்மா சொன்னாள்.

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வேற்று நாடுகளில் வளர்கிறார்கள். அவர்கள் தொலைபேசியில் ஏதோ ஓர் அணியின் வெற்றி தோல்வியை அளக்கத் தொடங்கினால், 'இது என்ன வீண் பேச்சு, தொழுதாயா, படித்தாயா?' என்று வெட்டிவிடாதீர்கள். தொழுகையையும் படிப்பையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தையும் கேளுங்கள். தாம் பிறந்த மண்ணில் தமக்கு உரிய இடம் எது என்பதை அப்பிள்ளைகள் நேராகச் சொல்ல மாட்டார்கள். அணியின் பெயரால் சொல்வார்கள். யாரைத் தம்மோடு சேர்த்துச் சொல்கிறார்கள், எங்கே குரல் தாழ்கிறது என்று செவி கொடுத்தால் அது புலப்படும். என்றேனும் அவர்கள் 'நாம தோத்துட்டோம்' என்று சொன்னால், தயங்காமல் அத்தோல்வியில் உங்கள் பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.